உங்களுக்குத் தெரியுமா? வாசலைப் பார்த்தால் கடலைச் சொல்லிவிடலாம்

பெரியது பெருங்கடல், சிறியது கடல் என்று பள்ளியில் படித்ததோடு நம்மில் பலரும் விட்டுவிடுகிறோம். உலகத்துக் கடல்களை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தால், பரப்பளவைவிட முக்கியமான ஒன்று தெரியவரும். பெருங்கடலுக்குப் போகும் வாசல் அந்தக் கடலுக்கு எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம்? அதன் உப்பு, உயிர்கள், அடியில் கிடக்கும் கப்பல்கள் என்று பலவற்றின் கதியை அந்த வாசல்தான் முடிவு செய்கிறது.

சட்டத்திலேயே வரையறை இல்லை

1982இல் உருவாகி 1994இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, கரையிலிருந்து எத்தனை கடல்மைல் யாருக்குச் சொந்தம் என்பதைப் பக்கம் பக்கமாகச் சொல்கிறது. ஆனால் கடல் என்றால் எது என்று அது எங்குமே வரையறுக்கவில்லை. மூடிய கடல், பாதி மூடிய கடல் ஆகியவற்றுக்கு மட்டும் 122ஆம் பிரிவில் விளக்கம் உண்டு. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாடுகள் சூழ்ந்திருக்க வேண்டும், குறுகிய வழியால் இன்னொரு கடலோடோ பெருங்கடலோடோ இணைந்திருக்க வேண்டும் என்கிறது அது. அப்படி இல்லாவிட்டால், அந்த நாடுகளின் கடல் எல்லைகளாலேயே முழுதும் அல்லது பெரும்பாலும் நிரம்பியிருக்க வேண்டும்.

கடல்களுக்கு ஒரு பதிவேடு

கப்பலோட்டிகளுக்கு எல்லைக்கோடு தெரிந்தாக வேண்டும் அல்லவா? அதற்காக ஒரு நூல் இருக்கிறது. 1921இல் மொனாக்கோவில் தொடங்கப்பட்ட பன்னாட்டு நீரளவியல் அமைப்பு 1928இல் அதை முதன்முதலில் வெளியிட்டது. எந்தக் கடல் எந்த முனையில் தொடங்கி எந்தத் தீவில் முடிகிறது என்று கோடு போட்டுச் சொல்லும் சிறு நூல். மூன்றாம் பதிப்பு 1953இல் வந்தது. நான்காம் பதிப்பு இன்றுவரை நிறைவேறவில்லை. கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையில் உள்ள கடலை எப்படி அழைப்பது என்ற வழக்கே காரணம். முதல் பதிப்பு வந்தபோது கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது, தன் தரப்பைச் சொல்ல அதற்கு வழியில்லை. 2020இல் ஒரு சமரசம் ஏற்பட்டது: புதிய மின்னணுத் தொகுப்பில் கடல்களுக்குப் பெயருக்குப் பதில் எண்கள் தரப்படும்.

கன்னியாகுமரியில் எந்தக் கடல்?

வங்கக் கடல், அரபிக் கடல், இந்தியப் பெருங்கடல் மூன்றும் கூடும் இடம் என்றுதான் நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தோம். முக்கடல் சங்கமம் என்று நீராடி வழிபட்டுவரும் இடம் அது. அந்த 1953ஆம் ஆண்டுப் பதிப்போ வேறு கணக்குச் சொல்கிறது. அதன்படி கன்னியாகுமரி முழுக்க முழுக்க இலட்சத்தீவுக் கடலின் கரையில் இருக்கிறது! கார்வாருக்குப் பக்கத்துச் சதாசிவகடில் தொடங்கி, இலட்சத்தீவு, மாலத்தீவுகளின் மேற்குப் பக்கமாக இறங்கி, அட்டு பவளத்தீவிலிருந்து இலங்கையின் தெற்கு முனையான தெவிநுவர வரை போகிறது அதன் எல்லை. கொச்சி, திருவனந்தபுரம், தூத்துக்குடி, கொழும்பு எல்லாம் இந்தக் கடலின் கரை ஊர்களே. இந்தியப் பெருங்கடல் தொடங்க இன்னும் பல நூறு கிலோமீட்டர் தெற்கே போக வேண்டும்.

வங்கக் கடலுக்கும் இலட்சத்தீவுக் கடலுக்கும் நடுவே அதே நூல் எதை எல்லையாக வைத்திருக்கிறது தெரியுமா? ராமர் பாலம் எனப்படும் மணல்திட்டு வரிசையை. தனுஷ்கோடி முனையில் நின்றால் ஒரு பக்கம் பாக் விரிகுடா, வங்கக் கடலின் பகுதி. மறுபக்கம் மன்னார் வளைகுடா, இலட்சத்தீவுக் கடலின் பகுதி. ராமேஸ்வரம் மீனவர்கள் அமைதியான வடபக்கத்தைப் பெண்கடல் என்றும், அலை பெருத்த தென்பக்கத்தை ஆண்கடல் என்றும் பிரித்துச் சொல்வது வழக்கம். மொனாக்கோ நூலின் கோடும் நம் மீனவர்களின் கோடும் ஒரே இடத்தில் விழுகின்றன. பாக் விரிகுடா சில பத்து மீட்டர் ஆழம்கூட இல்லாத ஆழமற்ற நீர்ப்பரப்பு. மன்னார் வளைகுடாவோ தெற்கே போகப் போக ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இரண்டின் குணமும் வேறாக இருப்பதில் வியப்பில்லை.

கரையே இல்லாத கடல்

ஒரு கடலுக்குக் கரை வேண்டும் என்பதுகூடக் கட்டாயமில்லை. வட அட்லாண்டிக்கின் நடுவே இருக்கும் சர்காசோ கடலுக்கு எந்தப் பக்கமும் நிலம் கிடையாது. மேற்கே கல்ஃப் ஸ்ட்ரீம், வடக்கே வட அட்லாண்டிக் நீரோட்டம், கிழக்கே கானரி நீரோட்டம், தெற்கே வட அட்லாண்டிக் நடுக்கோட்டு நீரோட்டம் என்று நான்கு நீரோட்டங்கள் சுற்றி வருகின்றன. நடுவில் சுழற்சி அடங்கிய தெளிந்த நீர். நீரோட்டங்கள் இடம் நகர்ந்தால் கடலின் எல்லையும் நகரும்.

அங்கே மிதக்கும் சர்காசம் பாசி வேரூன்ற எதையும் தேடுவதில்லை. உடைந்த துண்டு தனிச்செடியாக வளரும், அவ்வளவுதான். 1492இல் அந்தப் பாசிக்குள் கப்பலைச் செலுத்திய கொலம்பஸின் ஆட்கள் நிலம் பக்கத்தில் இருப்பதாக நினைத்தார்கள்.

இன்னொரு புதிரும் அங்கே இருக்கிறது. ஐரோப்பிய ஆறுகளில் வாழும் விலாங்கு மீன் எங்கே முட்டையிடுகிறது என்று அரிஸ்டாட்டில் காலம் முதல் தேடினார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த யோஹானஸ் ஷ்மிட் 1904இலிருந்து அட்லாண்டிக்கில் வலை இழுத்து, விலாங்கின் குஞ்சுகளை அளந்துகொண்டே போனார். எந்தத் திசையில் குஞ்சு சிறுத்துக்கொண்டு வருகிறதோ அந்தத் திசையில்தான் பிறப்பிடம் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. 1920களின் தொடக்கத்தில் அது அவரைச் சர்காசோவில் கொண்டுபோய் நிறுத்தியது. எவ்வளவு எளிய யோசனை, எவ்வளவு பெரிய பொறுமை! வளர்ந்த விலாங்குகள் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீந்தி அங்கே போகின்றன. முதுகில் கருவி பொருத்திய விலாங்குகள் சர்காசோவை எட்டியதை உறுதிசெய்த ஆய்வு 2022இல்தான் வெளியானது. ஆனால் அவை அங்கே முட்டையிடுவதை நேரில் பார்த்தவர் இன்றுவரை ஒருவரும் இல்லை.

பெரியது, சிறியது, ஆழமானது

பரப்பில் முதலிடம் பசிபிக்கின் மேற்கில் உள்ள பிலிப்பைன் கடலுக்கு: 50 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். ஆஸ்திரேலியாவை ஒட்டிய பவளக் கடல் சுமார் 48 லட்சம், நம் அரபிக் கடல் சுமார் 38 லட்சம், தென்சீனக் கடல் சுமார் 35 லட்சம், கரீபியன் சுமார் 27 லட்சம், மத்தியதரைக் கடல் சுமார் 25 லட்சம். இந்தியாவின் பரப்பு சுமார் 33 லட்சம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் அளவு பிடிபடும்.

மறுகோடியில் துருக்கிக்குள் ஒடுங்கிக் கிடக்கும் மர்மரா கடல் சுமார் 11,350 சதுர கிலோமீட்டர்தான். தமிழ்நாட்டின் பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆழமற்ற கடல் அசோவ். அதன் மிக ஆழமான இடமே சுமார் 14 மீட்டர். பிலிப்பைன் கடலின் கிழக்கு விளிம்பில் உள்ள மரியானா அகழியோ 10,900 மீட்டரைத் தாண்டுகிறது. 1960 ஜனவரி 23 அன்று ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் டிரியெஸ்ட் என்ற கலத்தில் அதன் அடிவரை போய் வந்தார்கள்.

வங்காள விரிகுடா 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். கருங்கடலைப் போல நான்கைந்தை அதற்குள் வைத்துவிடலாம்.

மரம் அரிக்காத இரண்டு கடல்கள்

1628இல் ஸ்வீடனின் வாசா என்ற போர்க்கப்பல் தன் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்துக்குள் மூழ்கியது. 333 ஆண்டுகள் கழித்து, 1961இல் அதை ஏறக்குறைய முழுசாக வெளியே எடுத்தார்கள். ஓக் மரம் உளுக்காமல், சிற்பங்களோடு வந்தது! மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழு பால்டிக் கடலின் உள்பகுதியில் வாழாது என்பதே முக்கியக் காரணம். அதற்கு உப்பு வேண்டும், அங்கே உப்பு போதாது. பெருங்கடல் நீரில் கிலோவுக்குச் சராசரியாக 35 கிராம் உப்பு என்றால், பால்டிக்கின் நடுப்பகுதி மேல்நீரில் ஏழெட்டு கிராம்தான். வடகோடியில் இரண்டு மூன்று கிராமாகக் குறைந்து, ஏறத்தாழ நன்னீர் ஆகிவிடுகிறது. எத்தனையோ ஆறுகள் உள்ளே கொட்டுகின்றன. உப்புநீர் வருவதற்கோ டென்மார்க் பக்கத்து ஆழமற்ற நீரிணைகளைத் தவிர வேறு வழியில்லை. அவற்றின் மேட்டுப்பகுதிகளில் ஆழம் இருபது மீட்டர்கூட இல்லை. வாசல் சிறுத்துப்போன கடலுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

அன்டார்டிக்காவின் வெடல் கடலிலும் இதேபோல ஒரு கப்பல். துருவப் பயணி ஷாக்கிள்டனின் எண்டூரன்ஸ் 1915இல் பனியில் நசுங்கி மூழ்கியது. 2022 மார்ச்சில் 3,008 மீட்டர் ஆழத்தில், பின்பக்கம் பொறித்த பெயர் வாசிக்கும்படி கிடைத்தது. இங்கே காத்தது உப்புக் குறைவு அல்ல. அன்டார்டிக்காவைச் சுற்றி ஓடும் நீரோட்டமும் உறைகுளிரும் மரம் தின்னும் உயிர்களை அண்டவிடுவதில்லை. வெடல் கடல் தெளிவுக்கும் பேர்போனது. 1986இல் அங்கே நீருக்குள் இறக்கிய வெள்ளைத் தட்டு சுமார் 80 மீட்டர் ஆழம் வரை கண்ணுக்குத் தெரிந்தது.

மீனவர்கள் சொன்னதை நம்பிய இளைஞர்

எனக்கு மிகவும் பிடித்த கடல் கதை இதுதான். 1679இல் லூயிஜி ஃபெர்டினான்டோ மார்சிலி என்ற 21 வயது இத்தாலியர் இஸ்தான்புல் போனார். கருங்கடலிலிருந்து மர்மரா கடலுக்கு நீர் வேகமாக ஓடும் பாஸ்ஃபரஸ் நீரிணை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஆழத்தில் நீர் எதிர்த்திசையில் ஓடுகிறது என்று உள்ளூர் மீனவர்கள் சொன்னார்கள். மார்சிலி அதைக் கேட்டுவிட்டுப் போய்விடவில்லை. வெள்ளை பூசிய தக்கைத் துண்டுகளைக் கோத்த கயிற்றை ஆழத்துக்கு இறக்கினார். ஓர் ஆழம் வரை ஒரு பக்கம் வளைந்த கயிறு, அதற்குக் கீழே மறுபக்கம் வளைந்தது.

ஊருக்குத் திரும்பியதும் காரணத்தையும் சோதித்துக் காட்டினார். ஒரு பெட்டியை நடுவில் தடுத்து, ஒரு பக்கம் உப்பு மிகுந்த நீர், மறுபக்கம் உப்புக் குறைந்த நீர் ஊற்றினார். தடுப்பின் மேலும் கீழும் இருந்த துளைகளைத் திறந்ததும், கனமான உப்புநீர் கீழ்த்துளை வழியாகவும் லேசான நீர் மேல்துளை வழியாகவும் எதிரெதிரே பாய்ந்தன. 1681இல் இதை நூலாக வெளியிட்டார். கடலறிவியலின் முதல் சோதனைகளில் ஒன்று என்று இதைச் சொல்கிறார்கள். அதற்கு விதை போட்ட மீனவர்களின் பெயர்களும் அந்த வரலாற்றில் இடம்பெற்றிருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

அந்த ஒற்றை வாசல்தான் கருங்கடலின் விதியையும் எழுதியது. மிகக் குறுகிய இடத்தில் பாஸ்ஃபரஸின் அகலம் சுமார் 700 மீட்டர். அதன் வழியே வரும் உப்புநீர் கனத்தால் அடியில் தங்கிவிடுகிறது. டான்யூப், நீப்பர் முதலான ஆறுகளின் லேசான நீர் மேலே மிதக்கிறது. இரண்டும் கலப்பதில்லை. ஆகவே காற்றிலிருந்து கரையும் ஆக்சிஜன் கீழே போய்ச் சேர்வதில்லை. சுமார் 150, 200 மீட்டருக்குக் கீழே மீன் இல்லை, நண்டு இல்லை, சில வகை நுண்ணுயிர்களும் அவை வெளியிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடும்தான். இந்தக் கடலின் நீரில் ஏறத்தாழ 90 விழுக்காடு இப்படிப்பட்டது. அரிக்கவோ தின்னவோ ஆள் இல்லாததால், பல்கேரியக் கரைக்கு அப்பால் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் 2,400 ஆண்டுப் பழைய கிரேக்க வணிகக் கப்பலைப் பாய்மரம் நின்ற நிலையிலேயே கண்டறிந்ததாக 2018இல் அறிவித்தார்கள்.

வாசல் அடைபட்ட மத்தியதரைக் கடல்

மத்தியதரைக் கடலில் ஆறும் மழையும் தருவதைவிட வெயில் குடிப்பது அதிகம். குறையை ஈடுகட்ட, சுமார் 14 கிலோமீட்டர் அகலமுள்ள ஜிப்ரால்டர் வழியாக அட்லாண்டிக் நீர் மேலோட்டமாக உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. உப்பேறிய நீர் அடியோட்டமாக வெளியே போகிறது. பாஸ்ஃபரஸில் நடப்பதற்கு நேர் எதிர்.

அந்த வாசல் அடைபட்டால் என்ன ஆகும்? ஒருமுறை அடைபட்டது. சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிலத்தட்டுகளின் நெருக்கத்தால் அட்லாண்டிக்குடன் இருந்த தொடர்பு குறுகி அற்றது. கடல் வற்றி வற்றி, அடியில் உப்பு படிந்தது. சில இடங்களில் அந்த உப்பு ஒரு கிலோமீட்டரையும் தாண்டிய தடிமன். 1970இல் குளோமர் சேலஞ்சர் என்ற துளையிடும் கப்பல் அந்த உப்புப் படிவங்களை மேலே எடுத்தபோதுதான் இது தெரியவந்தது. சுமார் 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஜிப்ரால்டர் திறந்து, அட்லாண்டிக் உள்ளே பாய்ந்து கடலை மீண்டும் நிரப்பியது.

மனிதர் வெட்டிய வாசல்

செங்கடலில் நிரந்தரமாக ஓடும் ஆறு ஒன்றுகூடக் கலப்பதில்லை. மழையும் அரிது. அதனால் வடபகுதியில் கிலோவுக்கு 40 கிராமுக்கு மேல் உப்பு. இயற்கை தந்த அதன் ஒரே வாசல் தெற்கே பாப் எல் மண்டப். வடக்கே இன்னொன்றை 1869 நவம்பர் 17 அன்று மனிதர் திறந்தார்கள், சூயஸ் கால்வாய். பூட்டுக்கதவு இல்லாத கால்வாய் என்பதால் கப்பலோடு கடலுயிர்களும் கடக்கின்றன. இதுவரை சில நூறு இனங்கள் மத்தியதரைக் கடலில் குடியேறிவிட்டன. அவற்றில் நம் ஊர் மீன்சந்தைக்கு வரும் ஓரா மீனின் உறவினங்களும் உண்டு. கிழக்கு மத்தியதரைக் கடலின் பாறைகளில் இருந்த பாசிக் காடுகளை அவை மேய்ந்து மொட்டையாக்கிவிட்டன. நச்சுள்ள பேத்தை மீனும் போய்ச் சேர்ந்து அங்குள்ள மீனவர்களின் வலையைக் கடித்துக் குதறுகிறது.

ஒரே அட்சரேகை, இரண்டு குணம்

அரபிக் கடலும் வங்காள விரிகுடாவும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருப்பவை. பருவக்காற்று இரண்டுக்கும் பொது. ஆனால் நம் பக்கம் கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, காவிரி என்று ஆறுகள் வந்து கொட்டுகின்றன. அந்தப் பக்கம் சிந்து, நர்மதை, தபதி, அப்புறம் பாலைக் காற்று. அதனால் அரபிக் கடல் உப்பேறியது, வங்கக் கடல் உப்புக் குறைந்தது. வங்கக் கடலின் மேலே படரும் லேசான நீர், அடியில் உள்ள குளிர்ந்த நீர் மேலே வராதபடி தடுக்கிறது. மேற்பரப்புச் சூடு ஆறாமல் நிற்கிறது. புயலுக்கு அதுதான் தீனி. இந்தியாவைச் சுற்றி எழும் புயல்களில் வங்கக் கடலுக்கும் அரபிக் கடலுக்கும் உள்ள விகிதம் சுமார் நான்குக்கு ஒன்று என்று நெடுங்காலமாகக் கணக்கிட்டு வந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அண்மை ஆண்டுகளில் அரபிக் கடலும் சூடேறி வருவது கவலை தருகிறது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக் கடலின் இந்த லேசான நீர் நம் கிழக்குக் கரை ஓரமாகத் தெற்கே இறங்கி, இலங்கையைச் சுற்றிக் கேரளக் கரைப் பக்கம் வரை போய்ச் சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் கரையைக் கடக்கும் நீரில் வங்காளத்து ஆறுகளின் பங்கும் இருக்கிறது.

கடலா ஏரியா? 27 ஆண்டு வழக்கு

காஸ்பியனுக்கு வாசலே இல்லை. ஆனாலும் உப்பு உண்டு, பெருங்கடலில் மூன்றில் ஒரு பங்கு. சீல்கள்கூட உண்டு. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்ததும் கரையில் ஐந்து நாடுகள்: ரஷ்யா, கஜகஸ்தான், துர்க்மேனிஸ்தான், ஈரான், அஜர்பைஜான். கடல் என்றால் கரையின் நீளத்துக்கு ஏற்பப் பங்கு, ஏரி என்றால் சமப்பங்கு கேட்கலாம். அடியில் எண்ணெயும் எரிவாயுவும் இருக்கும்போது யார் விட்டுக்கொடுப்பார்கள்? 2018 ஆகஸ்ட் 12 அன்று அக்தாவ் நகரில் ஐவரும் கையெழுத்திட்டார்கள். கடலும் இல்லை, ஏரியும் இல்லை, தனிச் சட்டத்தகுதி கொண்ட நீர்நிலை என்பது தீர்வு.

பெயரில் மட்டும் கடலாக இருப்பவையும் உண்டு. கலிலேயாக் கடல் நன்னீர் ஏரி. அதிலிருந்து இறங்கும் யோர்தான் ஆறு போய் முடியும் சாக்கடலும் ஏரிதான். அதன் நீரில் மூன்றில் ஒரு பங்கு உப்பு, வெளியேறவோ வழியில்லை. ஆற்று நீரை மேலேயே எடுத்துவிடுவதால் நீர்மட்டம் ஆண்டுக்கு ஒரு மீட்டர் அளவில் இறங்கிக்கொண்டிருக்கிறது.

அழிந்த கடலில் திரும்பிய மீன்

1960இல் ஆரல் கடலின் பரப்பு சுமார் 68,000 சதுர கிலோமீட்டர். பருத்தி வயல்களுக்காக அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைத் திருப்பினார்கள். அரை நூற்றாண்டுக்குள் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது. உஸ்பெகிஸ்தானின் மொய்நாக் துறைமுகத்தில் மீன்பிடிக் கப்பல்கள் பாலை மணலில் துருப்பிடித்து நிற்கின்றன. உப்பும் பூச்சிக்கொல்லியும் கலந்த புழுதி ஊர்களுக்குள் வீசி மக்களின் மூச்சைக் கெடுத்தது.

கஜகஸ்தான் மட்டும் தன் பங்கான வட ஆரலைக் கைவிடவில்லை. 2005இல் சுமார் 13 கிலோமீட்டர் நீளத்துக்குக் கோக்-அரால் அணையைக் கட்டி, சிர் தாரியாவின் நீர் தெற்கே வீணாகப் போகாமல் தடுத்தார்கள். நீர்மட்டம் எதிர்பார்த்ததைவிட வேகமாக உயர்ந்தது. உப்புக் குறைந்தது. ஆற்றில் ஒதுங்கியிருந்த நன்னீர் மீன் இனங்கள் கடலுக்குத் திரும்பின. அரால்ஸ்க் நகரத்து மீன் பதனிடும் தொழிற்சாலைகள் மறுபடி இயங்குகின்றன.